வீடிழந்த சொற்கள்

ஒரு மக்களின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அவர்கள் வீட்டைப் பற்றி எவ்வாறு பேசுகின்றனர் என்று கவனித்தல் நன்று. பிறப்பும் இறப்பும், உறவும் பகையும், உண்டியும் உறக்கமும் நிகழும் இடம் வீடு. ஆகவேதான் மனிதன் தன் வாழ்வின் ஏற்றத்தாழ்வுகள் அனைத்தையும் வீட்டுச் சொற்களாலேயே பேசக் கற்றுக்கொண்டான். ‘குடி கெட்டது’ என்கிறோம். ‘வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவள்’ என்கிறோம். ‘இனி உன் வாசற்படி மிதியேன்’ என்கிறோம். இங்கெல்லாம் நாம் பேசுவது செங்கல்லையும் சுண்ணாம்பையும் பற்றியா? அன்று. வாழ்வையே பேசுகிறோம்.

ஆங்கிலமும் இதற்கு விலக்கன்று. கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய நகரங்களின் ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் வீடு, கூரை, சுவர், கதவு, தூண், மூலைக்கல் ஆகியவற்றின்மேல் எழுந்த ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியலாக மனனம் செய்கின்றனர். சீட்டுக்கட்டால் கட்டிய வீடு என்றால் நிலையற்ற திட்டம்; ‘வீட்டின்மேல்’ என்றால் கடைக்காரர் இலவசமாகத் தருவது; வீட்டை இடித்து வீழ்த்தினான் என்றால் அரங்கம் அதிரக் கைதட்டல் பெற்றான். தேர்வில் மதிப்பெண் கிடைக்கிறது. தேர்வு முடிந்ததும் சொல் மறைகிறது.

ஆங்கிலம் கற்பதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் அத்தொடர்களை நாம் கற்பிக்கும் முறையிலும், அவற்றோடு உறவுடைய திருமறைச் சொற்களை நாம் தமிழாக்கிக்கொண்ட முறையிலும் ஓர் இழப்பு நேர்ந்திருக்கிறது. சொற்களுக்குள் இருந்த வீடு காணாமற் போயிற்று. இது மொழிக்கு நேர்ந்த இழப்பு மட்டுமன்று. நம் திருச்சபை வாழ்வுக்கும் நேர்ந்த இழப்பு என்பதையே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

எரியும் வீடும் எழுதிய சுவரும்

மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இருவர் சந்தித்தவுடனேயே நெருங்கிய நண்பராகிவிட்டால், ‘தீப்பிடித்த வீடுபோல்’ பழகினர் என்பது ஆங்கில வழக்கு. தீ விரைந்து பரவுவதுபோல் நட்பும் பரவியது என்பது கருத்து. நம் வழக்கிலோ எரியும் வீடு வேறு செய்தி சொல்கிறது. ‘எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்’ என்பது நம் பழமொழி. அங்கே தீயின் விரைவு கண்ணில் படுகிறது. இங்கே அத்தீயிலும் ஆதாயம் தேடும் மனிதனின் சிறுமை கண்ணில் படுகிறது. ஒரே நெருப்புத்தான். எனினும் பார்க்கும் கண்கள் வேறு.

‘சுவரில் எழுதிய எழுத்து’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். வரப்போகும் கேட்டின் வெளிப்படையான அறிகுறி என்று பயிற்சி நூல் பொருள் தரும். தானியேல் நூலின் 5ஆம் அதிகாரத்தை அறிந்த நமக்கு அது போதுமா? எருசலேம் கோவிலிலிருந்து கொள்ளையிட்டு வந்த புனிதக் கலங்களில் பெல்சாட்சர் மது அருந்திக் களித்தபோது, விளக்குத் தண்டுக்கு எதிரே, அரண்மனைச் சுவரின் சுண்ணப் பூச்சின்மேல் ஒரு கை தோன்றி எழுதியது. எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டது, பிரிக்கப்பட்டது என்பதே அவ்வெழுத்தின் சாரம். நம் நாட்டில் சுவரெழுத்து என்றவுடன் தேர்தல் காலத்துக் கட்சி விளம்பரமே நினைவுக்கு வரும். ‘தலையெழுத்து’ என்று பெயர்த்தாலும் பொருந்தாது. தலையெழுத்து பிறக்கும் முன்பே எழுதப்படுவதாக எண்ணப்படுவது. தானியேல் கண்ட எழுத்தோ மனிதன் செய்த செயலை நிறுத்துப் பார்த்த பின் எழுதப்பட்டது. முன்னது விதி, பின்னது தீர்ப்பு. இவ்வேறுபாட்டைக் கூறாமல் பொருள் மட்டும் கற்பிப்பது பாதிக் கல்வியே.

‘வெள்ளையடித்த கல்லறை’ இன்னும் நுட்பமானது. வெளிவேடக்காரரைச் சாட ஆண்டவர் ஆண்ட உவமை இது. மத்தேயு 23ஆம் அதிகாரத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. பாஸ்கா விழாவுக்கு வரும் பயணிகள் அறியாமல் கல்லறையைத் தீண்டித் தீட்டுப்படாதிருக்க யூதர்கள் கல்லறைகளுக்கு வெள்ளை பூசினர். ஆகவே அவ்வெண்மை ஓர் எச்சரிக்கை. நம் ஊர்களிலோ நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன் பெற்றோரின் கல்லறைக்குப் பிள்ளைகள் வெள்ளையடிக்கின்றனர். பூவும் மெழுகுதிரியும் வைக்கின்றனர். நமக்கு அவ்வெண்மை அன்பின் அடையாளம். இவ்விரு வெண்மைகளையும் வேறு பிரித்துக் காட்டாத மறையுரை நம் மக்களுக்கு அவ்வுவமையின் கூர்மையை உணர்த்தாது.

ஆங்கிலேயர் பெருமையாகப் பேசும் கட்டடத் தொடர்களில் பல நம் விவிலியத்திலிருந்தே சென்றவை என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்? மணல்மேல் கட்டிய வீடு, கூரைமேல் நின்று அறிவித்தல், தனக்குத்தானே பிளவுபட்ட வீடு, கட்டுவோர் தள்ளிய கல், திருச்சபையின் தூண்கள் ஆகிய அனைத்தும் விவிலியத்தின் கொடை. 1858-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் அடிமைமுறையைப் பற்றிப் பேசிய ஆபிரகாம் லிங்கன், பிளவுபட்ட வீடு நில்லாது என்னும் ஆண்டவரின் உவமையையே எடுத்தாண்டார். தேர்வுக்கெனக் கற்கும் அத்தொடர்கள் தம் ஞாயிறு வாசகங்களில் இருப்பவையே என்று அறிந்தால் மாணவரின் ஆங்கிலமும் செழிக்கும், விசுவாசமும் செழிக்கும்.

லூக்கா வேய்ந்த கூரை

விவிலியத்தின் வீடு இங்கிலாந்தின் வீடன்று. பாலஸ்தீன நாட்டின் எளிய வீடுகள் தட்டையான கூரை உடையவை. சுவர்களின் குறுக்கே மரங்களை இட்டு, கிளைகளைப் பரப்பி, மேலே மண் பூசிக் கெட்டிப்படுத்துவர். வெயில் தாழ்ந்ததும் மக்கள் அங்கே அமர்வர், தானியம் உலர்த்துவர், வேண்டுவர். பனிநாட்டுச் சரிவுக் கூரையின்மேல் ஏறி நின்று அறிவிப்பது எளிதன்று. மொட்டை மாடியில் வடகம் உலர்த்தும் நமக்கோ அக்காட்சி விளங்கிவிடும். ‘கூரையேறிக் கூவுதல்’ என்று நம் வழக்கிலும் உண்டல்லவா?

இங்கே திருத்தூதர் காலத்து மொழிபெயர்ப்புப் பாடம் ஒன்று உள்ளது. முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்த நிகழ்ச்சியை மாற்கு கூறும்போது, அவர்கள் கூரையைத் தோண்டித் திறந்ததாகக் கூறுகிறார். மண் கூரையைத்தான் தோண்ட இயலும். அதே நிகழ்ச்சியை எழுதும் லூக்காவோ ஓடுகளின் வழியே அவரை இறக்கியதாகக் கூறுகிறார். லூக்காவின் வாசகர்கள் கிரேக்க நகரங்களில் ஓட்டு வீடுகளில் வாழ்ந்தோர்; அவர்கள் தம் தலைக்குமேல் கண்டது ஓடு.

இரு வீடுகளின் உவமையிலும் இதுவே நிகழ்கிறது. மத்தேயு நற்செய்தியில் ஒருவன் பாறைமேலும் மற்றவன் மணல்மேலும் கட்டுகிறான். கோடையில் வறண்டு கிடக்கும் காட்டாற்றுப் படுகையில் திடீரென வெள்ளம் வரும் நாட்டின் உவமை அது. லூக்காவிலோ ஆழத் தோண்டி அடித்தளம் இட்டவனும், அடித்தளமின்றி வெறுந்தரையில் கட்டியவனும் வருகின்றனர். கொங்கு நாட்டார்க்கு இவ்விரண்டும் புதியன அல்ல. ஆண்டு முழுதும் உலர்ந்திருந்து ஒரே இரவில் பெருகி ஓடும் பள்ளங்களை நாம் அறிவோம். அவ்வாறே, கரிசல் மண்ணில் கடைக்கால் ஆழம் போகாவிட்டால் மழைக்கு உப்பியும் கோடைக்குச் சுருங்கியும் மண் சுவரைப் பிளந்துவிடும் என்பதை நம் கொத்தனார் எவரும் சொல்வார். ‘வாணம் தோண்டுதல்’ என்னும் நம் கட்டடத் தொழிலாளரின் சொல்லால் லூக்காவின் உவமையை விளக்கினால், கேட்போர் கரிசல் மண்ணையே கண்முன் காண்பர்.

ஆயின் அச்சொற்களே நம்மிடமிருந்து மறைந்து வருகின்றன. திண்ணை, தொட்டிக்கட்டு, ஆசாரம், அட்டாலி, பொடக்காளி, சாளை, கட்டுத்தரை என்று நம் பாட்டிமார் பேசிய வீட்டின் உறுப்புகளுக்கு இன்றைய பிள்ளைகளிடம் ஆங்கிலப் பெயர் மட்டுமே உண்டு. சிலவற்றுக்கு எப்பெயரும் இல்லை. 1942-இல் வெளிவந்த ‘நாகம்மாள்’ புதினத்தில் ஆர். சண்முகசுந்தரம் கொங்குப் பேச்சை இலக்கியமாக்கினார். 2000-இல் பெருமாள்முருகன் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யைத் தந்தார். அச்சொற்கள் அகராதிக்குள் காக்கப்படுவது நன்றே. மறையுரையிலும் மறைக்கல்வி வகுப்பிலும் புழங்குவது அதனினும் நன்று.

தச்சரும் மூலைக்கல்லும்

நம் முன்னோர் இப்பணியில் வெறுங்கையராய் இருந்தாரல்லர். இத்தாலியில் 1680-இல் பிறந்து 1747-இல் மறைந்த வீரமாமுனிவர், 1726-இல் இயற்றிய ‘தேம்பாவணி’யை நாட்டுப் படலத்தோடும் நகரப் படலத்தோடும் தொடங்குகிறார். 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அக்காப்பியத்தில் சூசையப்பர் ‘வளன்’ என்னும் தமிழ்ப் பெயருடன் நம்மிடம் வருகிறார். தமிழ்க் காப்பிய மரபு காட்டும் நாட்டையும் நகரையும் எழுப்பிய பின்னரே புனிதரை அதில் குடியேற்றுகிறார் முனிவர். லூக்கா ஓடு வேய்ந்ததைப் போன்றதே இது.

சூசையப்பரின் தொழிலைக் குறிக்கும் சொல்லில் தமிழ் ஆங்கிலத்தை வென்றுவிட்டது என்றே கூறலாம். நற்செய்தியின் கிரேக்கச் சொல் ‘தெக்தோன்’. மரத்தில் மட்டுமன்றிக் கட்டுமானத்திலும் தேர்ந்த கைவினைஞரை அது குறிக்கும். ஆங்கிலச் சொல்லோ மரவேலை செய்பவரோடு நின்றுவிடுகிறது. நம் ‘தச்சர்’ மரத்தச்சரையும் குறிக்கும், கல்தச்சரையும் குறிக்கும். வடமொழியின் ‘தட்சன்’ வழிவந்த அச்சொல்லும் கிரேக்கத் ‘தெக்தோன்’னும் ஒரே வேரில் பிறந்தவை என்பர் மொழியறிஞர். நாசரேத்தின் சொல் நம் பட்டறையில் முன்பே இருந்தது.

கட்டுவோர் தள்ளிய கல்லைக் குறிக்கப் பழைய மொழிபெயர்ப்பு ‘மூலைக்குத் தலைக்கல்’ என்றது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய ‘திருவிவிலியம்’ ‘மூலைக்கல்’ என்கிறது. பின்னது செப்பமானது, இரு சுவர்கள் சந்தித்து ஒன்றையொன்று தாங்கும் இடத்தைக் காட்டுவது. இவ்விடத்தில் புதிய மொழிபெயர்ப்பைப் பாராட்டுகிறோம்.

வேறோர் இடத்தில் நமக்குக் குறை உண்டு. யோவான் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் தந்தையின் வீட்டைப் பற்றிப் பேசுகிறார். பழைய மொழிபெயர்ப்பில் அது வீடாகவே இருந்தது. புதியதில் தந்தை ‘வாழும் இடம்’ ஆயிற்று. இடம் வேறு, வீடு வேறு. இடத்துக்கு எல்லை உண்டு; வீட்டுக்கு வாசல் உண்டு, எதிர்பார்த்து நிற்பவர் உண்டு. அவ்வீட்டில் உள்ள பல உறைவிடங்களை இலத்தீன் மொழிபெயர்ப்பு ‘மன்சியோனஸ்’ என்றது. தங்குதல் என்னும் வினையிலிருந்து வந்த சொல் அது. 1611-இன் ஆங்கில விவிலியம் அதனை ‘மேன்சன்’ என்று ஆக்கிக்கொண்டது. இன்று ஆங்கிலத்தில் அது செல்வரின் மாளிகை. அதனால் விண்ணகத்தில் ஆளுக்கொரு மாளிகை என்று எண்ணி மயங்குவாரும் உளர். சென்னைத் திருவல்லிக்கேணியில் ஊரிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்கள் அறை எடுத்துத் தங்கும் விடுதியையும் ‘மேன்சன்’ என்றே அழைக்கின்றனர். வழிப்போக்கர் தங்கும் இடம் என்னும் பழம்பொருளுக்கு ஆங்கிலேயரின் மாளிகையைவிட அவ்விளைஞரின் அறையே நெருக்கமானது.

கட்டி எழுப்புதல்

ஆங்கிலத்தில் ‘எடிஃபை’ என்றொரு சொல் உண்டு. நல்லறிவு புகட்டி உள்ளத்தை உயர்த்துதல் என்று பயிற்சி நூல்கள் பொருள் கூறும். அதன் தாய்ச்சொல் இலத்தீனில் ‘வீடு கட்டு’ என்றே பொருள்படும். தூய பவுல் ஆண்ட கிரேக்கச் சொல்லும் அதுவே: ‘ஒய்க்கோஸ்’ என்னும் வீட்டோடு கட்டுதலைச் சேர்த்த சொல். அறிவு ஊதிப் பெருக்கும், அன்போ கட்டியெழுப்பும் என்று கொரிந்தியர்க்கு அவர் கூறும் கருத்தில், காற்றடைத்த பையும் கல்லடுக்கிய சுவரும் எதிரெதிரே நிற்கின்றன.

இதனைப் பழைய மொழிபெயர்ப்பு ‘பக்திவிருத்தி’ என்றது. அச்சொல்லில் வீடும் இல்லை, சுவரும் இல்லை. பொது மொழிபெயர்ப்பு பல இடங்களில் ‘வளர்ச்சி’ என்னும் சொற்குடும்பத்தை ஆள்கிறது. இது எளிமையானது, தவறென்று சொல்ல இயலாது. கொரிந்தியர் முதல் மடலின் 3ஆம் அதிகாரத்தில் பவுலே திருச்சபையைக் கடவுளின் வயல் என்றும் கடவுளின் கட்டடம் என்றும் ஒரே மூச்சில் கூறுகிறார். உழவர் பெருமக்களாகிய கொங்கு நாட்டார்க்கு வயலின் உவமை இனிக்கும்.

ஆயினும் வளர்வது வேறு, கட்டப்படுவது வேறு. பயிர் இரவில் நாம் உறங்கும்போதும் வளரும். சுவரோ யாரேனும் குனிந்து கல் எடுத்து வைத்தாலன்றி எழாது. ஒரு கல்லின் பாரத்தை இன்னொரு கல் தாங்காவிட்டால் கட்டடம் இல்லை. ‘பங்கு வளர்கிறது’ என்று கேட்கும் பொதுநிலையினர் மகிழ்ந்து வீடு திரும்பிவிடலாம். ‘பங்கு கட்டப்படுகிறது’ என்று கேட்பவர், என் தோள்மேல் யார் பாரம், என் பாரம் யார் தோள்மேல் என்று கேட்டே தீரவேண்டும். சொல் மாறினால் கடமையும் மாறுகிறது.

மாவட்டமும் பங்கும்

இனி நம் அன்றாடத் திருச்சபைச் சொற்களுக்கு வருவோம். ‘டயோசிஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலம் வீட்டை நிர்வகித்தல் என்னும் பொருளது. அனைத்துக் கிறித்தவரின் ஒன்றிப்பைக் குறிக்கும் ‘எக்குமெனிசம்’, மக்கள் குடியிருக்கும் உலகம் முழுவதையும் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பொருளியலைக் குறிக்கும் ‘எக்கானமி’ வீட்டு ஒழுங்கு ஆகும். திருச்சபைத் தந்தையர் கடவுளின் மீட்புச் செயலையும் அச்சொல்லாலேயே அழைத்தனர். உலகம் என்னும் வீட்டைத் தந்தை ஒருவர் பொறுப்போடு நடத்துகிறார் என்பது அதன் உட்பொருள்.

தமிழில் இவை மறைமாவட்டம், ஒன்றிப்பு, பொருளாதாரம், மீட்புத் திட்டம் ஆயின. மாவட்டம் என்றால் ஆட்சியர் அலுவலகம் நினைவுக்கு வருகிறது. திட்டம் என்றால் ஐந்தாண்டுத் திட்டம் நினைவுக்கு வருகிறது. இல்லம் இருந்த இடத்தில் அலுவலகம் வந்து அமர்ந்துவிட்டது. நடுநிலையோடு ஒன்று கூறவேண்டும்: தியோக்கிளேசியன் காலத்து உரோமைப் பேரரசிலேயே ‘டயோசிஸ்’ ஓர் ஆட்சிப் பிரிவின் பெயராகிவிட்டது. எனவே ‘மறைமாவட்டம்’ என்று ஆக்கியோர் வரலாற்றுக்குப் புறம்பாகச் செல்லவில்லை. ஆனால் அவர்கள் உரோமை அலுவலகத்தைப் பெயர்த்தனர். அதற்கு அடியில் புதைந்திருந்த கிரேக்க வீட்டைப் பெயர்க்கவில்லை.

‘பாரிஷ்’ என்னும் சொல்லே நம்மைப் பெரிதும் சிந்திக்க வைக்கிறது. அதன் மூலம் ‘பரோய்க்கியா’. பரோய்க்கோஸ் எனப்படுபவர் ஊரில் குடியிருந்தும் ஊரின் உரிமை பெறாதவர்; பிறர் வீட்டருகே ஒண்டியிருப்பவர். தூய பேதுருவின் முதல் மடல் கிறித்தவர்களை இப்பெயராலேயே அழைக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இச்சொல்லை எபேசியர் மடலில் எவ்வாறு பெயர்த்தது தெரியுமா? ‘பரதேசிகள்’ என்று. வேற்று நாட்டார் என்று பொருள்பட்ட அச்சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் வேர் வழியே பார்த்தால் பங்கு என்பது பரதேசிகளின் கூட்டமே.

நம் ‘பங்கு’ என்னும் சொல்லுக்கு அழகு இல்லாமல் இல்லை. பங்கிடுதல், பங்கேற்றல், பங்களித்தல் என்று அது விரியும். ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் பங்கு மக்கள். ஆயினும் அதே சொல்லிலிருந்து பங்காளியும் பிறக்கிறான். கொங்கு நாட்டில் பங்காளி என்றால் உறவும் உண்டு, வரப்புத் தகராறும் உண்டு, பாகப்பிரிவினையும் உண்டு. பங்கு என்பது உரியவர்க்கு உரியது. பரோய்க்கியா என்பது உரிமை ஏதும் இல்லாதவர்க்கு உரியது. ஒன்று ஏற்கெனவே வீட்டுக்குள் இருப்போரை எண்ணுகிறது. மற்றது வாசலில் நிற்போரை எண்ணுகிறது.

நடுச்சுவர்

எபேசியர் மடலின் 2ஆம் அதிகாரத்தின் இறுதி நான்கு வசனங்களில் ‘ஒய்க்கோஸ்’ என்னும் வீட்டுச் சொல்லின் வேர் ஆறு முறை வருகிறது. ஒண்டியிருந்தோர் இனிக் கடவுளின் வீட்டார் ஆயினர், திருத்தூதரும் இறைவாக்கினரும் அடித்தளம், கிறித்து மூலைக்கல், அவர்மேல் அனைவரும் ஒருங்கே கட்டப்பட்டுக் கடவுளின் உறைவிடமாகின்றனர். ஆங்கிலத்திலும் தமிழிலும் இவ்வாறு சொற்களும் ஒரு வேராய்த் தெரியவில்லை. எனினும் பழைய மொழிபெயர்ப்பின் ‘வீட்டார்’ என்னும் சொல் நம் நெஞ்சைத் தொடுகிறது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று நாம் சொல்லும்போது சுவருக்குள் வாழ்வோரை மட்டுமா குறிக்கிறோம்? உரிமையோடு பந்தலில் நிற்போர் அனைவரையும் குறிக்கிறோம். பொது மொழிபெயர்ப்பின் ‘குடும்பம்’ நற்சொல்லே. ‘வீட்டார்’ அதனினும் உரிமை மிக்கது.

இவ்வீடு எழுவதற்கு முன் ஒன்று இடிக்கப்படுவதையும் அதே அதிகாரம் கூறுகிறது. அது பகைமையின் நடுச்சுவர். எருசலேம் கோவிலில் பிற இனத்தார் கடக்கலாகாத கல்தடுப்பு ஒன்று இருந்தது. கடப்பவன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. பவுலின் நடுச்சுவர் அத்தடுப்பை நினைவூட்டுவதாக அறிஞர் பலர் கருதுவர்.

நடுச்சுவர் கொங்கு நாட்டில் வெறும் உருவகமன்று. 2019 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலை, கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழையில் ஒரு தனியார் வளாகத்தின் உயர்ந்த சுற்றுச்சுவர் அருகிலிருந்த எளிய ஓட்டு வீடுகளின்மேல் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். மாண்டோர் ஒடுக்கப்பட்ட மக்கள். அது தம்மை விலக்க எழுப்பிய சுவர் என்று அப்பகுதியினர் கூறினர். புதிதாக வீடு கட்டுபவன் யாரும் விழுந்து மாளாதபடி கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும், இல்லையேல் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்று இணைச்சட்டம் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. சுவர் காப்பதற்கு, கொல்வதற்கன்று. ‘சுவர் இருந்தால்தான் சித்திரம்’ என்னும் பழமொழியை நாம் இனி எளிதாகச் சொல்லிவிட இயலாது. எத்தகைய சுவர் என்று கேட்கவேண்டும். நம் தமிழகத்துக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றிலும் சாதியின் பெயரால் நடுச்சுவர் நின்றதுண்டு என்பதை மறந்துவிட்டு நாம் பிறரைச் சுட்டுவதும் அழகன்று.

எல்லாச் சுவரும் கல்லால் ஆனதன்று. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலையும் கோவையின் வார்ப்பாலைகளையும் கட்டட வேலையையும் நம்பித் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு மாநிலங்களிலிருந்தும் வந்தோர் லைன் வீடுகளில் குடியிருக்கின்றனர். ஓர் அறையில் பலர், ஆண்டுக்கொரு முகவரி. அவர்களுள் கத்தோலிக்கரும் உளர். ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் நின்று, மொழி புரியாமலே மண்டியிட்டு, எவரிடமும் பேசாமல் திரும்புகின்றனர். நிலையான முகவரி இல்லாதவர் பங்கின் குடும்பப் பதிவேட்டில் இடம்பெறுவது அரிது. ‘பாரிஷ்’ என்னும் சொல்லின் முதற்பொருளுக்கு உரியவர் பதிவேட்டுக்கு வெளியே நிற்கின்றனர். சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்த நாம் அப்பெயரைத் தாங்கி உள்ளே அமர்ந்திருக்கிறோம்.

நம் திருச்சபை வரலாறே பரதேசிகளால் எழுந்தது என்பதை நினைவூட்டவும் வேண்டுமோ? 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருப்பொழிவு பெற்று, பின்னர்க் கோவைத் திருச்சபையை வழிநடத்திய மரியோன் பிரசில்லாக் பிரான்சு நாட்டவர். வேற்று மண்ணில் ஒண்டிய குருக்களே இங்கே நமக்கு வீடு கட்டினர்.

வீடு என்னும் பேறு

சொற்களையெல்லாம் மாற்றிவிடுவோம் என்று நாம் கூறவில்லை. மறைமாவட்டமும் பங்கும் மக்கள் நாவில் ஊறிவிட்டன. அவற்றைப் பிடுங்கி எறிவது வீண்வேலை. ஆனால் அவற்றுக்குள் வீட்டை மீண்டும் குடியேற்ற முடியும். அதற்குத் தமிழில் வளம் குறைவில்லை. ‘கோவில்’ என்பதே கோ வாழும் இல். இல் என்பதையே ஏழாம் வேற்றுமை உருபாகக் கொண்டு ‘ஊரில்’ என்கிறோம், ‘நெஞ்சில்’ என்கிறோம். வீடு என்னும் சொல்லையோ ‘விடு’ என்னும் வினையோடு சேர்த்து விளக்குவர். அறம், பொருள், இன்பத்துக்குப் பின் நிற்கும் இறுதிப் பேறும் வீடே. குடியிருக்கும் இடத்துக்கும் விடுதலைக்கும் ஒரே பெயரிட்டனர் நம் முன்னோர். விடாமல் பற்றிக்கொள்வது வீடன்று என்பது நாம் அதிலிருந்து கற்கும் பாடம்.

எனவே மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள் கட்டடத் தொடர்களைப் பட்டியலாக நிறுத்திவிடாமல், அவை பிறந்த விவிலியப் பகுதியையும் அவற்றோடு ஒப்பிடத்தக்க தமிழ் வழக்கையும் சேர்த்துக் கற்பிக்கட்டும். மறையுரை ஆற்றுவோரும் மறைக்கல்வி தருவோரும் திண்ணையையும் கடைக்காலையும் சாளையையும் கொண்டு ஆண்டவரின் உவமைகளை விளக்கட்டும். மூன்றாவது, பொதுநிலையினராகிய நமக்கு உரியது. தொடக்கத் திருச்சபை பிரிஸ்காவும் அக்கிலாவும் போன்றோர் வீடுகளில்தான் கூடியது. அம்மரபில் இன்று வீடுகளில் கூடும் நம் அன்பியங்கள், அடுத்த மாதமேனும் ஒரு லைன் வீட்டு வாசலில் கூடட்டும். அங்கே குடியிருப்போரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். முகவரி மாறினாலும் பெயர் மாறாது.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது நம் ஊர்ப் பெரியோர் வாக்கு. வீடு கட்டுவதன் அருமையைக் கட்டியவரே அறிவர். கடவுளின் வீட்டுக்கும் அது பொருந்தும். அங்கே நம் தோள்மேல் ஏற வேண்டிய கல், நாம் தேர்ந்தெடுக்கும் கல்லாக இராது. கட்டுவோர் தள்ளிவிட்ட கல்லாகவே இருக்கும்.